தூண்டில் குரல்

முப்பத்தோராம் நாள் காலையில் ஜெசிந்தா கண் விழித்ததும் மணிக்கட்டைத்தான் பார்த்தாள். நான்கு. தூங்கும்போது எண் ஏறாது என்றுதான் கையேட்டில் போட்டிருக்கிறது. ஆனால் போன தொகுதியில் ஒருத்தி தூக்கத்தில் யாரையோ கூப்பிட்டு ஒரு புள்ளி வாங்கிவிட்டாள் என்று ஒரு பேச்சு உலவியது. அதனால் அந்தக் குடியிருப்பில் எண்ணைப் பார்க்காமல் பல் விளக்கப் போகிற தைரியம் யாருக்கும் கிடையாது.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டின் நடுவில், நான்கு மாடிக் கட்டடம். பெயர் 'பழகுவீடுகள்'. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. இரண்டாவது டம்ளர் வேண்டுமென்றால் எதற்கு என்று கேட்பார்கள். பதில் சொன்னால் அதையும் எழுதிக்கொள்வார்கள். ஜெசிந்தா அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள், சுவரில் இருந்த சேவைத் திரையிடம் மழை வருமா என்று கேட்டாள், கண்ணாடி முன் நின்று தலை வாரினாள். வகிடு கோணலாகத்தான் வந்தது. பதினோரு வருடமாகக் கூடவே வளர்ந்த பேச்சி எடுத்துவிட்ட வகிடு அது. பேச்சி இப்போது அடுத்த வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். முப்பது நாளாக இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரையிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். இயந்திரத்திடம் கேட்பதற்குப் புள்ளி இல்லை. மனிதரிடம் கேட்டால் ஒரு புள்ளி. மனிதர் கூப்பிட்டு நீங்கள் போனால் இரண்டு. மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டைக்கு 'அளவி' என்று பெயர். அது நாடி பார்க்காது, காய்ச்சல் பார்க்காது. பேச்சையும் கதவையும் மட்டும் கவனிக்கும். அதில் தெரிகிற எண்ணுக்குச் சார்பெண் என்று பெயர். ஒருத்திக்கு இன்னொரு மனிதர் எவ்வளவு தேவைப்படுகிறார் என்பதை நாற்பது நாளில் அளந்து சொல்லிவிடுமாம். ஐந்தைத் தொட்டால் தேர்வில் தோல்வி.

இதெல்லாம் ஒரு காலத்தில் நல்ல மனதோடு ஆரம்பித்ததுதான். கடல் ஏறி ஊர்களை விழுங்கிய பிறகு, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இல்லங்களில் ஆயிரக்கணக்கில் வளர்ந்தார்கள். பதினெட்டு வயதில் கல்லூரிக்கு அனுப்பினால் பாதிப் பேர் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. சிரித்துப் பேசியவனை நம்பி ஏமாந்தார்கள், தோழி ஊரைவிட்டுப் போனால் படிப்பையும் விட்டார்கள், இல்லத்து வாசலில் வந்து நின்று அழுதார்கள். அப்போது ஒரு குழு ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்து, இவர்களுடைய குறை பெற்றோர் இல்லாதது அல்ல, சாய்ந்துகொள்ளும் பழக்கம்தான் என்று கண்டுபிடித்தது. சாயும் பழக்கத்தை எடுத்துவிட்டால் நிமிர்ந்து நிற்பார்கள் அல்லவா? அப்படிப் பிறந்தது தன்னாள் வாரியமும் அதன் நாற்பது நாள் தேர்வும். அப்பா அம்மா இருக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பரீட்சை கிடையாது. அவர்கள் இருபத்தைந்து வயதிலும் அம்மாவைக் கேட்டுத்தான் சட்டை எடுப்பார்கள். அதை யாரும் அளப்பதில்லை.

தேறினால் கல்லூரி. ஜெசிந்தாவுக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் காத்திருந்தது. பேச்சிக்கு நிலவியல். தவறினால் கடலணை. ஏழு வருடம் கல்லும் கம்பியும் சுமக்க வேண்டும். போன அக்காமார்களில் இரண்டு பேரை அவள் பிறகு பார்த்திருக்கிறாள். ஒருத்திக்கு விரல்கள் மடங்கவில்லை.

சமையலறைச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. முடியாதவர்கள் அதை அழுத்தலாம். பத்து நிமிடத்தில் ஆட்கள் வந்து கூட்டிப்போவார்கள். அத்தோடு தேர்வும் போகும். அடுத்த தொகுதிக்குள் வயது தாண்டிவிடும் என்பதால் அந்தப் பொத்தானும் கடலணைக்குப் போகிற வழிதான்.

ஜெசிந்தாவின் நான்கு புள்ளிகளில் இரண்டு, அசட்டுத்தனமாகப் போனவை. ஒன்று பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மாளிடம் எட்டாம் எண் போய்விட்டதா என்று கேட்டது. இன்னொன்று சந்தையில். மற்ற இரண்டும் பன்னிரண்டாம் நாள் போனவை. அன்று சாயங்காலம் கதவுக்கு வெளியே பேச்சி அழுதாள். "ஜெசி, எனக்குப் பயமா இருக்குட்டி" என்றாள். ஜெசிந்தா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வெளியே யாரும் இல்லை. கதவு நிலைக்கு மேலே இருந்த சின்ன ஸ்பீக்கர் இன்னும் அழுதுகொண்டிருந்தது.

அதற்குத் தூண்டில் அழைப்பு என்று பெயர். பிள்ளைகள் சுருக்கமாகத் தூண்டில் என்பார்கள். இல்லத்தில் அவர்கள் வளர்ந்த பதினோரு வருடத்துப் பேச்சும் வாரியத்தின் பதிவில் இருந்தது. யாருக்கு யார் குரல் உருக்கும் என்பது அதற்குத் தெரியும்.

இது முன்னமே தெரிந்த விஷயம்தான். தேர்வுக்கு முந்தைய நாள், இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தபோது, பேச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இங்க பாரு. நான் உன்னக் கூப்பிடவே மாட்டேன். என்ன வந்தாலும் கூப்பிட மாட்டேன். எங்கொரல் கேட்டா அது நான் இல்லன்னு வச்சுக்கோ. என்னட்டி?"

"நானும் கூப்பிட மாட்டேன்."

"நீ கூப்பிட்டா நான் வந்துருவேன். அதான் பயம். அதனால நீயும் கூப்பிடாத."

அப்படிச் சத்தியம் வாங்கியிருந்தும் பன்னிரண்டாம் நாள் ஜெசிந்தா ஓடினாள். அதற்குப் பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். கல்லாக்குவது ஒன்றும் கஷ்டமில்லை. ஒவ்வொரு தடவை ஸ்பீக்கர் கூப்பிடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே ஆகிவிடுகிறது. இதுவரை ஆறு தூண்டில்கள் வந்திருந்தன. ஆறாவது வந்தபோது அவள் சாப்பாட்டைக்கூட நிறுத்தவில்லை.

முப்பத்தோராம் நாள் திங்கட்கிழமை. வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பில் அதுதான் கடைசி. உலகம்மாள் மிஸ் வாடகை ஒப்பந்தம் எப்படிப் படிப்பது, வங்கியில் எதில் கையெழுத்துப் போடக்கூடாது, தனியாகக் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சியை எப்படி முன்கூட்டியே வைத்துக்கொள்வது என்றெல்லாம் சொல்லித்தருவாள். நன்றாகத்தான் சொல்லித்தருவாள். அவளும் இதே தேர்வு எழுதி வெளியே போனவள். சார்பெண் பூச்சியம். "பதினெட்டு வருசமா ஒருத்தர்ட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல" என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். பிள்ளைகள் அவளைப் பொறாமையோடு பார்ப்பார்கள்.

அன்று பேச்சி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. வலது கையை அடிவயிற்றில் வைத்திருந்தாள். ஜெசிந்தா பார்ப்பதைக் கண்டதும் கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். லேசாகத் தலையசைத்துச் சிரித்தாள். ஒன்றுமில்லை, திரும்பு என்று அர்த்தம். ஜெசிந்தாவும் திரும்பிக்கொண்டாள்.

உலகம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "வெளிய யாராவது கூப்பிட்டா என்ன செய்யணும்?"

"வாரியம் பாத்துக்கிடும் மிஸ்" என்றது வகுப்பு.

"நேர்ல ஆளே வந்து நின்னு அழுதா?"

"அதுவும் தூண்டில் மிஸ்."

முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். வகுப்பில் மிஸ்ஸிடம் கேட்பதற்கு மட்டும் புள்ளி இல்லை. "நெசமா இருந்தா மிஸ்?"

உலகம்மாள் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பொறுமையாகத்தான் சொன்னாள். "நெசமா இருந்தா வாரியம் வரும். வாரியம் வரலன்னா அது நெசமில்ல. இதுல குழப்பிக்க ஒண்ணுமே இல்லம்மா."

ஜெசிந்தா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

முப்பத்தாறாம் நாள், மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஜெசிந்தா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெயிலில் மாடிப் படிக்கட்டே அனல் கக்கியது. கட்டடம் முழுக்க ஒரு சத்தமில்லை. அப்போது கதவில் ஏதோ உரசியது.

"ஜெசி."

கத்தி நின்றது.

"ஜெசி, வயிறு வலிக்குட்டி. தாங்க முடியல. கதவத் தொற."

ஏழாவது தூண்டில் என்று அவள் நினைத்தாள். நினைத்த பிறகும் கத்தியைக் கீழே வைத்தாள். கதவில் வெளியே பார்க்கும் துளை கிடையாது. வேண்டுமென்றே வைக்காமல் விட்டிருந்தார்கள். அவள் கதவருகே போய் நின்று காதைக் கொடுத்தாள். குரல் மேலேயிருந்து வருகிறதா, எதிரேயிருந்து வருகிறதா? கீழேயிருந்து வந்தது. தரைக்குப் பக்கத்திலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. அப்படியும் செய்ய அவர்களால் முடியுமாயிருக்கும். நாற்பது நாளின் கடைசியில் பெரிய தூண்டில் வரும் என்று அக்காமார்கள் சொல்லியிருந்தார்கள். ஒருத்திக்குச் செத்துப்போன அம்மாவின் குரலே வந்ததாம்.

"ஏட்டி, நான்தான். நெசமா நான்தான்."

நான்தான் என்று தூண்டிலும் சொல்லும். பன்னிரண்டாம் நாள் சொல்லியிருக்கிறது. எங்கொரல் கேட்டா அது நான் இல்லன்னு வச்சுக்கோ என்று சொன்னவள் பேச்சி. பேச்சி சொன்னால் சொன்னதுதான். வெளியே இருப்பது பேச்சி என்று நம்பினால் பேச்சி வாக்குத் தவறியவள் என்று ஆகிறது. அவளை அப்படி நினைப்பதற்கு ஜெசிந்தாவுக்கு மனம் வரவில்லை. தாழ்ப்பாள்மேல் வைத்த கையை எடுத்தாள். இன்னும் இரண்டு புள்ளி ஏறினால் ஆறு. மாடும் ஆடும் போய்விடும். விரல் மடங்காமல் போய்விடும்.

குரல் மட்டும் நிற்கவில்லை. அழவுமில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. தாழ்ந்த குரலில், விட்டுவிட்டு, "ஜெசி… ஜெசி…" என்றது. அவள் சமையலறைக்கு ஓடினாள். மிக்ஸியில் தேங்காயைப் போட்டுப் பொத்தானைத் திருகினாள். சட்னிக்கு அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. பச்சைமிளகாய்கூட இல்லை. வெறும் தேங்காய் அரைந்து கூழாகிச் சூடேறும்வரை மிக்ஸியை நிறுத்தவில்லை.

நிறுத்தியபோது வெளியே அமைதியாக இருந்தது. மணிக்கட்டைப் பார்த்தாள். நான்கு. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு வந்தது துக்கமில்லை. சந்தோஷம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். முடிந்த பிறகு பேச்சியிடம் இதைச் சொல்ல வேண்டும், உன் குரலில் என்னமாய் ஏமாற்றப் பார்த்தார்கள் தெரியுமா என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அடுத்த வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு ஆட்கள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் நாற்றம் படிவரை அடித்தது. அந்த ஒற்றை நாற்காலி வெளியே வந்திருந்தது.

ஜெசிந்தா நின்றாள். துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் வெளியூர்க்காரி, வயது ஐம்பது இருக்கும், கழுத்தில் மஞ்சள் கயிறு. என்ன கேட்டாலும் சொல்லிவிடுகிற முகம். எங்க போனா என்று இரண்டு வார்த்தை கேட்டால் போதும். அந்த இரண்டு வார்த்தைக்கு ஒரு புள்ளி. நாலும் ஒன்றும் ஐந்து.

அவள் கேட்கவில்லை. வீட்டுக்குள் திரும்பிப் போய்ச் சேவைத் திரையிடம் கேட்டாள். "அடுத்த வீடு காலி. தேர்வு நிறைவடைந்தது" என்றது திரை. யாருக்கு, எப்படி நிறைவடைந்தது என்று கேட்டதற்கு, அந்தத் தகவல் தன்னிடம் இல்லை என்றது.

பொத்தானை அழுத்தியிருப்பாள் என்று ஜெசிந்தா முடிவு செய்துகொண்டாள். கடலணைக்குப் போயிருப்பாள். படித்து முடித்ததும் முதல் வேலையாக அவளை அங்கிருந்து கூட்டி வந்துவிட வேண்டும். இப்படி ஒரு திட்டம் போட்டுக்கொண்டு அன்றைய நாளைத் தள்ளினாள். மறுநாளையும் தள்ளினாள். இடையில் முந்தின மத்தியானம் ஒன்று இருந்தது. அதன் பக்கம் நினைப்பு போகும்போதெல்லாம் எழுந்து பாத்திரம் தேய்த்தாள். தேய்க்க இருந்தது ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான்.

நாற்பதாம் நாள் பத்து மணிக்கு உலகம்மாள் தன் அறையில் அவளை உட்காரவைத்தாள். சின்னச் சாவியால் அளவியைக் கழற்றினாள். பட்டை இருந்த இடம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"ரெண்டு" என்றாள் உலகம்மாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "கடைசிக் கணக்குல நாலுலேருந்து ரெண்டா எறங்கியிருக்கு. எறங்கி நான் பாத்ததே இல்ல. பெரிய தூண்டில மறுத்தா மட்டும் கொறைப்பாங்க. நீ கால்நடைக்குப் போறம்மா."

"மிஸ், இப்ப நான் கேக்கலாமா?"

"கேளு. இனிமே உன்ன யாரும் அளக்க மாட்டாங்க."

"பேச்சி எங்க மிஸ்?"

உலகம்மாள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு இதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் மறைக்கவில்லை. "கொடல்வால். ஒரு வாரமா வலிய அடக்கி வச்சிருந்திருக்கா. உள்ளயே வெடிச்சிட்டு. நாலு மணிக்குத் தரை தொடைக்கிற மெசினு அவ வீட்டு வாசல்ல கெடந்தவ மேல இடிச்சு நின்னுது, அப்பத்தான் தெரிஞ்சுது. பெரிய ஆஸ்பத்திரில சேத்தோம். மறுநா பூரா நெனவு இருந்துது. முப்பத்தெட்டாம் நாள் விடியக் காலம் முடிஞ்சுபோச்சு."

மறுநாள் பூரா நினைவு இருந்தது. ஜெசிந்தா அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் கயிற்றுக்காரி நிமிர்ந்து பார்த்த அந்த நாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எட்டாம் எண் பஸ்ஸில் இருபது நிமிடம்.

"அப்ப அன்னைக்கு மத்தியானம் கூப்பிட்டது…"

"அளவிக்கு ரெண்டும் ஒண்ணுதானம்மா. கொரல் வந்துது, நீ தொறக்கல. தூண்டில்னு பதிஞ்சிட்டு." உலகம்மாள் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "ஒன் மேல தப்பு இல்ல. சொல்லிக்குடுத்தத செஞ்ச. அந்தப் பதிவ நீ ஒரு தடவ கேட்டு, சரின்னு ஒப்புக்கணும். விதிமுறை."

மிக்ஸி சத்தத்தைக் கழித்துச் சுத்தப்படுத்தியிருந்தார்கள். வயிறு வலிக்குட்டி என்றது, நான்தான் என்றது, ஜெசி ஜெசி என்றது. பிறகு அவள் கேட்டிராத பகுதி வந்தது. மூச்சு இரைத்துக்கொண்டு, கொஞ்சம் சிரித்த மாதிரி:

"மிக்ஸி போடுதியா… சரி. சரிட்டி, தொறக்காத. நாலு நாள்தான் கெடக்கு. நான் போயி பொத்தான அமுக்கிக்கிடுதேன். நான் சத்தியம் மீறிட்டேன், நீ மீறாத. தொறந்துராத, என்ன."

பிறகு தரையில் ஏதோ இழுபடும் சத்தம். ஒரு கதவு தூரம்தான். அது நெடுநேரம் கேட்டது.

ஜெசிந்தா அழுதாள். வாய்விட்டு, மூக்கொழுக, மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். உலகம்மாள் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டாள். இரக்கமில்லாமல் இல்லை. ஒருவர் அழும்போது கையை எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு யாரும் வைத்ததில்லை.

அழுகை அடங்கியதும் அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "இந்தப் பதிவ வாரியம் அடுத்த தொகுதிக்கு எடுத்துக்கிடுது. இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் செயற்கையா இருக்கும். இது…" வார்த்தை தேடினாள். "இது தெளிவா இருக்கு. பேர மட்டும் மாத்திப்பாங்க. கடைசிப் பகுதிய வெட்டிருவோம்."

"எதுக்கு வெட்டணும்?"

"தொறக்காதன்னு தூண்டிலே சொல்லக்கூடாதுல்லா."

"நான் ஒப்ப மாட்டேன்."

"நீ பதிவு சரின்னு சொன்னாப் போதும். எடுத்துக்கிடுததுக்கு உன் ஒப்புதல் வேண்டாம். பேச்சிக்குப் பாதுகாவலர் வாரியந்தான்." உலகம்மாள் கல்லூரிக் கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "அவ நெனச்சதும் நீ போகணும்னுதான."

அதுதான் உண்மை. அதனால்தான் அதைத் தாங்க முடியவில்லை. ஜெசிந்தா கடிதத்தைத் தொடாமல் எழுந்தாள்.

கீழே கூடத்தில் புதிய தொகுதி காத்திருந்தது. அறுபது பெண்கள். எல்லோருக்கும் தலை எண்ணெய் வைத்து வாரியிருந்தது. அறுபது மணிக்கட்டிலும் புத்தம்புதுப் பட்டை, அப்போதுதான் பூட்டியிருந்தார்கள். இன்னும் யாருக்கும் எண் ஏறவில்லை. ஜெசிந்தா மாடிப்படியிலிருந்து நேராக அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"நான் சொல்லுதத கேளுங்க" என்றாள். "வெளிய யாராவது கூப்பிட்டா கதவத் தொறந்துருங்க. எண்ணு ஏறுனா ஏறட்டும். பேச்சின்னு ஒரு பிள்ள. எனக்கு அவதான் எல்லாம். எங்கதவுல வந்து கூப்பிட்டா. நான் தொறக்கல. செத்துப்போயிட்டா. நெசமாத்தான் சொல்லுதேன்."

யாரும் அசையவில்லை. முதல் வரிசையில் ஒரு சின்னப்பெண் மட்டும் எழப்போனாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. பக்கத்திலிருந்தவள் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"தூண்டில்" என்றாள் மெதுவாக. "மொத நாளே ஆரம்பிச்சிட்டாங்க."

"இல்ல. நான் ஆளு. நெசமான ஆளு" என்று ஜெசிந்தா கிட்டே போனாள். முன்வரிசை முழுதும் தலையைக் குனிந்துகொண்டது. படிக்கட்டில் உலகம்மாள் வந்து நின்றிருந்தாள். அவள் தடுக்கவில்லை. தடுப்பதற்குத் தேவையே இருக்கவில்லை.

ஜெசிந்தா இன்னும் உரக்கச் சொன்னாள். ஒவ்வொருத்தி முகத்துக்கு நேராகவும் குனிந்து சொன்னாள். அவள் அழ அழ, அவர்கள் முகம் இன்னும் இறுகியது. இரண்டாம் வரிசையில் கைகோத்து உட்கார்ந்திருந்த இருவர், ஒருவரையொருவர் பார்க்காமல், கையை விலக்கிக்கொண்டார்கள்.